விடைத்தாளைத் திருத்துவோர் யார்? – கொன்பூசியஸின் பெயரால் எழும் புதிய அரசியற் கோட்பாடு

மேனாட்டுத் தாராண்மைச் சனநாயகத்தின் சீர்கேடுகளை எடுத்துக்காட்ட இன்று எவரும் அதிகம் சிரமப்பட வேண்டியதில்லை. பணம் படைத்தோர் வேட்பாளரை விலைக்கு வாங்குகின்றனர். செய்தித்தாள்களும் தொலைக்காட்சியும் ஒருசில பெருமுதலாளிகளின் உடைமையாகக் கிடக்கின்றன. நான்கைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை புள்ளடியிட்டுவிட்டு வீடு திரும்பும் வாக்காளனுக்குத் தொழிற்சாலையிலோ வயலிலோ காரியாலயத்திலோ எந்த அதிகாரமும் இல்லை. இவை யாவும் இடதுசாரிகள் நூறாண்டுகளுக்கு மேலாகக் கூறிவந்தவை. ஆயின் கடந்த முப்பதாண்டுகளாக இதே முறைப்பாடுகளை வேறொரு திசையிலிருந்தும் நாம் கேட்கின்றோம். அத்திசையினின்று பேசுவோர், மக்களிடம் அதிகாரம் போதவில்லை என்று வருந்துபவர் அல்லர்; அது தகுதியற்றோர் கையில் மிகுந்துவிட்டது என்று வருந்துபவர்கள். தமது கட்சிக்கு அவர்கள் அழைக்கும் சாட்சி கி.மு. 551 இற் பிறந்து கி.மு. 479 இல் மறைந்த கொன்பூசியஸ் ஆவார்.

இக்கோட்பாட்டினை ஒழுங்காகவும் நேர்மையாகவும் எடுத்துரைத்த நூல்களுள், டானியல் பெல் என்பவர் 2015 இல் வெளியிட்ட 'சீன மாதிரி' என்னும் நூல் முதன்மையானது. கனடாவிற் பிறந்து, பெய்ஜிங்கின் சிங்குவாப் பல்கலைக்கழகத்திற் கற்பித்துப் பின்னர் ஷான்டோங் பல்கலைக்கழகத்திற் பீடாதிபதியாகவும் விளங்கியவர் அவர். பெரும்பான்மையோரின் கொடுங்கோன்மை, பணமுடைய சிறுபான்மையோரின் கொடுங்கோன்மை, வாக்களிக்கும் சமூகம் வாக்கில்லாத பிறர்மீது – இன்னும் பிறவாத தலைமுறையினர்மீதும் அயல்நாட்டார்மீதும் – செலுத்தும் கொடுங்கோன்மை, போட்டி மனப்பான்மை கொண்ட தனிநபர்களின் கொடுங்கோன்மை என நான்கு குற்றங்களை அவர் தேர்தற் சனநாயகத்தின்மீது சுமத்துகின்றார். இவற்றுக்கு மாற்றாக அவர் காட்டுவது தகைமையாட்சி. அடிமட்டத்திற் கிராமத் தேர்தல், இடைமட்டத்திற் புதுமுறைகளைச் சோதித்தல், உச்சியிலே பரீட்சையாலும் பல பதின்மரை ஆண்டு நிருவாக அனுபவத்தாலும் வடிகட்டித் தெரிந்தெடுக்கப்பட்ட தலைவர்கள் என்பதே அவர் வரையும் சித்திரம். அறிவாற்றலும் மனிதரோடு பழகும் திறனும் நல்லொழுக்கமும் உடையவரே நாடாள வேண்டும் என்கின்றார்.

இதனை ஒரு பிற்போக்குவாதியின் பிதற்றல் என்று தள்ளிவிடுதல் எளிது. அங்ஙனம் தள்ளிவிட நாம் விரும்பவில்லை. பெல் தாம் போற்றும் முறையின் குறைகளையும் பேசுகின்றார். ஊழல், தலைமை இறுகிப்போதல், மக்களின் ஒப்புதலைப் பெறுதல் ஆகிய மூன்றும் தகைமையாட்சிக்குத் தீராத தலைவலிகள் என்று அவரே ஏற்றுக்கொள்கின்றார். பிறிதொரு காரணமும் உண்டு. பரீட்சையால் மனிதரை வகைப்படுத்தும் தொழிலை நாள்தோறும் செய்துவரும் ஆசிரியர்களாகிய எமக்கு இக்கோட்பாடு அயலான ஒன்றன்று. தகுதியுடையோர் மேலே செல்ல வேண்டும் என்ற நம்பிக்கையில்தான் எமது வகுப்பறைகளே நடக்கின்றன. ஆகவே இதனை எதிர்ப்போர் தம்முள் இருக்கும் ஒரு நம்பிக்கையோடும் வாதிட வேண்டியவராகின்றனர்.

முதலிற் கொன்பூசியஸை அவருடைய காலத்தில் வைத்து நோக்குதல் தகும். சௌ வம்சத்தின் மேலாட்சி சிதைந்து, குறுநில மன்னர் ஒருவரையொருவர் விழுங்கிக்கொண்டிருந்த காலம் அது. 'யுன்சி' என்ற சொல் அதுவரை பிரபுவின் மகனைக் குறித்தது. கொன்பூசியஸ் அதனைப் பண்பிற் சிறந்த மனிதனைக் குறிப்பதாக மாற்றினார். எமது பழம்பாடல்களிற் போர்வீரரைக் குறித்த 'சான்றோர்' என்ற சொல் பிற்காலத்தில் நற்குணத்தோரைக் குறிக்கலாயிற்று என்பதை அறிந்த தமிழ் மாணவர்க்கு இம்மாற்றத்தின் கனம் உடனே விளங்கும். பிறப்பால் வந்த உரிமையை அவர் கல்வியால் வரும் தகுதியாக்கினார். கற்க வந்தவனின் குலத்தை அவர் பார்க்கவில்லை. நிலவுடைமைப் பிரபுக்கள் ஆண்ட உலகில் இது முன்னோக்கிய ஓர் அடி என்பதில் ஐயமில்லை.

அவர் வழிவந்த மென்சியஸ் இன்னும் ஓரடி சென்றார். மக்களுக்கு நிலையான பிழைப்பு இல்லாதவிடத்து அவர்களிடம் நிலையான நல்லொழுக்கத்தை எதிர்பார்த்துப் பின் தண்டிப்பது, வலைவிரித்துப் பிடிப்பதை ஒக்கும் என்பது அவர் கருத்து. கொடுங்கோலனான அரசனைக் கொன்றது குற்றமா என்று வினவப்பட்டபோது, அறத்தை அழித்தவன் அரசன் அல்லன், வெறும் தனியாள் என்ற வகையில் அவர் விடையிறுத்தார். அதே மென்சியஸ்தான், மூளையால் உழைப்போர் ஆளவும் உடலால் உழைப்போர் ஆளப்படவும் வேண்டும் என்னும் பிரிவினையை உலகெங்கும் ஒத்த நியதியாக நிலைநாட்ட முயன்றவரும் ஆவார். இவ்விரண்டு மென்சியஸ்களில் எவரை அழைத்துவருகின்றோம் என்பதைப் பொறுத்தே இன்றைய வாதம் அமைகின்றது. மிங் வம்சத்தை நிறுவிய பேரரசர் ஹொங்வூ, வறிய உழவர் குடியிற் பிறந்தவராயினும், முதலாவது மென்சியஸைப் பொறுத்துக்கொள்ளவில்லை. 1394 இல் அந்நூலினின்றும் 85 பகுதிகளை நீக்கிய ஒரு பதிப்பை வெளியிடச் செய்தார். உழைப்புப் பிரிவினை பற்றிய கருத்து எந்த அரசனையும் உறுத்தியதாக நாம் அறியோம்.

உரையாசிரியர் மரபில் வளர்ந்தோர்க்குச் சுவையூட்டும் செய்தி ஒன்றை ஈண்டுக் குறிப்பிடலாம். பழஞ்சீன நூல்களில் நிறுத்தற்குறிகள் இல்லை. கொன்பூசியஸின் உரையாடல்களைத் தொகுத்த நூலின் எட்டாம் பகுதியில், பொதுமக்களைப் பற்றிய ஒரு சிறு தொடர் உண்டு. வழக்கமாகப் பிரித்துப் படித்தால், ஆளப்படுவோர்க்கு வழிநடத்தல் போதும், விளக்கம் தருதல் இயலாது என்ற பொருளை அது தரும். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த சீர்திருத்தவாதிகள் அதே எழுத்துக்களை வேறிடத்தில் நிறுத்திப் படித்து, மக்கள் அறியாதவிடத்து அவர்களுக்கு அறிவூட்ட வேண்டும் என்று பொருள் கொண்டனர். எழுத்து ஒன்றுதான். நிறுத்தற்குறியை இடும் கை யாருடையது என்பதில்தான் ஒரு நாட்டின் அரசியலே அடங்கியிருந்தது!

பரீட்சைக்கு வருவோம். சுயி வம்சக் காலத்திற் கருக்கொண்டு 1905 இல் ஒழிக்கப்படும்வரை, ஏறத்தாழ ஆயிரத்து முந்நூறு ஆண்டுகள் சீனத்தின் அதிகாரிகளைத் தெரிந்தெடுத்தது அப்பரீட்சை. ஐரோப்பாவிற் பதவிகள் பிறப்பாலும் பணத்தாலும் கைமாறிய காலத்தில், விடைத்தாளிற் பெயரை மறைத்தும், கையெழுத்து அடையாளம் தெரியாவண்ணம் எழுத்தரைக் கொண்டு முழுவதையும் படியெடுத்தும் திருத்திய ஓர் அரசு அங்கு எங்கும் இருக்கவில்லை. அதன் பெருமையைக் குறைத்துப் பேசுதல் அறிவுடைமை ஆகாது. எனினும் பரீட்சை மண்டபத்தின் வாயிலில் நின்று, உள்ளே செல்வோர் யார் என்று பார்த்தல் வேண்டும். பெண்களுக்கு அங்கே இடமில்லை. கூத்தாடிகள், அடிமை ஊழியர், நீதிமன்றக் கடைநிலைச் சேவகர் ஆகியோரின் பிள்ளைகளுக்கும் இடமில்லை. இழிசனர் என்று பதியப்பட்டோரின் வழித்தோன்றல்கள் பரீட்சை எழுதத் தலைமுறைகள் கடக்க வேண்டியிருந்தது. எஞ்சியோருள்ளும், மனனஞ் செய்யவேண்டிய மூலநூல்கள் நான்கு இலட்சத்துக்கு மேற்பட்ட எழுத்துக்களைக் கொண்டவை. அவற்றின்மேல் உரைகளும் வரலாறுகளும் இருந்தன. பதினைந்து, இருபது ஆண்டுகள் ஒரு மகனை ஏரினின்றும் விடுவித்து வைத்திருக்கக்கூடிய குடும்பம் எத்தகையது என்பதை விளக்க வேண்டியதில்லை.

ஹோ பிங்-டி என்னும் வரலாற்றாசிரியர் 1962 இல் எழுதிய நூலில், மிங், சிங் காலங்களில் உயர்பட்டம் பெற்றோரிற் கணிசமான பகுதியினர் பட்டம்பெறாத குடும்பங்களினின்றும் வந்தவர் என்று காட்டினார். தகைமையாட்சியினர் இதனை விரும்பி எடுத்தாள்வர். பெஞ்சமின் எல்மன் என்னும் ஆய்வாளர் பின்னர் இதனை மறுத்தார். தந்தை, பாட்டன், பூட்டன் பட்டம் பெறாதிருக்கலாம். சிற்றப்பனும் மாமனும் மனைவியின் வீட்டாரும் பெற்றிருப்பர். குலத்தின் சொத்தும் குலத்தின் பள்ளிக்கூடமும் அம்மாணவனுக்குப் பின்னால் நின்றன என்பது அவர் வாதம். குடும்பப் பின்னணியை மூன்று பெயர்களாற் கணித்துவிட முடியாது என்பது எந்த வகுப்பாசிரியருக்கும் தெரிந்ததுதான்.

ஆயினும் இப்பரீட்சை பற்றிய மிக ஆழமான விமரிசனத்தை வரலாற்றாசிரியரிடத்தன்று, சீன நாவலாசிரியரிடத்தே காண்கின்றோம். தகைமையாட்சியின் நூல்கள் தத்துவஞானிகளை நிறைய மேற்கோள் காட்டுகின்றன. கதாசிரியரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுவதற்கு அவை விரைவதில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் வூ சிங்சு எழுதிய, 'கற்றோர் உலகம்' என்று நாம் பெயரிடத்தக்க நாவலில் பான் சின் என்றொரு பாத்திரம் வருகின்றது. இளமை முதல் எழுதி எழுதித் தோற்று, நரைத்த வயதில் வறுமையால் மெலிந்து, இறைச்சிக்கடை வைத்திருக்கும் மாமனாரின் வசையைத் தின்று வாழும் அவன், மாகாணப் பரீட்சையிற் சித்தியெய்தினான் என்ற செய்தி கேட்டதும் மகிழ்ச்சி தாங்காமற் பித்துப்பிடித்து ஓடுகின்றான். அவன் மிக அஞ்சும் ஒருவர் அறைந்தாற் பித்துத் தெளியும் என்று அயலார் கூற, மாமனார் அறைய முன்வருகின்றார். நேற்றுவரை அவனை நாயினும் கீழாய் ஏசிய அக்கசாப்புக்காரருக்கு இப்பொழுது கை நடுங்குகின்றது. விண்ணுலக நட்சத்திரம் ஒன்றை அறைந்துவிட்டோமோ என்று அஞ்சுகின்றார். ஒரே நாளில் நிலமும் வீடும் பணமும் அவனைத் தேடிவருகின்றன. இதில் வூ சிங்சு காட்டுவது பரீட்சை தகுதியை அளந்ததா என்பதையன்று. அளவுகோல் ஒன்றை அரசு நாட்டியதும், மனிதரிடையேயுள்ள ஒவ்வோர் உறவும் அந்த அளவுகோலின்படி வளைந்துவிடுகின்றது என்பதையே அவர் காட்டுகின்றார்.

லூ சுன்னின் கொங் யீஜி வேறு வகையினன். 1919 இல் வெளிவந்த அச்சிறுகதையில், பட்டத்தின் கடைசிப் படியையும் எட்டாத ஒருவன் வருகின்றான். சாராயக் கடையில் உள்ளே அமர்ந்து குடிப்போர் நீள அங்கி அணிந்த செல்வர். வெளியே நின்று குடிப்போர் கட்டை அங்கித் தொழிலாளர். நீள அங்கியோடு நின்று குடிப்பவன் அவன் ஒருவனே. அந்த அங்கியோ கிழிந்தது, அழுக்கேறியது. பன்னிரண்டு வயதுக் கடைப்பையனுக்கு அவன் ஓர் எழுத்தின் நான்கு வடிவங்களைக் கற்பிக்க முனைகின்றான். பையனோ முகத்தைத் திருப்பிக்கொள்கின்றான். புத்தகம் திருடியமைக்காக, பட்டம்பெற்ற ஒரு கனவானின் வீட்டார் அவன் காலை முறிக்கின்றனர். முறித்தவனும் முறிபட்டவனும் ஒரே நூல்களைக் கற்றவர்கள். ஒருவன் சித்தியெய்தினான், மற்றவன் எய்தவில்லை. கதையின் கடைசியில் எஞ்சுவது கடைப்பலகையில் எழுதப்பட்ட பத்தொன்பது காசுக் கடன் மாத்திரமே. இவனுடைய குடும்பப்பெயர் கொன்பூசியஸின் குடும்பப்பெயரே என்பதும் மனங்கொள்ளத்தக்கது. லூ சுன்னுக்கு இவ்வுலகம் கேள்வியால் வந்ததன்று. அவருடைய பாட்டனார் மிக உயர்ந்த பட்டம் பெற்றவர், 1893 இற் பரீட்சகருக்குக் கையூட்டுக் கொடுக்க முயன்ற வழக்கிற் சிறைசென்றார், குடும்பம் நொடித்தது.

கொங் யீஜி இறந்துபோன இலக்கியப் பாத்திரம் அல்லன் என்பதைச் சில ஆண்டுகளின் முன் உலகம் கண்டது. 2023 ஆம் ஆண்டின் தொடக்கத்தில், வேலை கிடைக்காத சீனப் பட்டதாரிகள் தம்மைக் கொங் யீஜி என்று அழைத்துக்கொள்ளத் தலைப்பட்டனர். தாம் பெற்ற பட்டம், கழற்றவும் முடியாத, அணிந்து பயனுமில்லாத நீள அங்கி என்றனர். அரச தொலைக்காட்சி, அங்கியைக் கழற்றிவிட்டு உழைக்கச் செல்லுமாறு அவர்களுக்கு உபதேசித்தது. அவ்வாண்டு யூன் மாதத்தில் நகர்ப்புற இளைஞரிடையே வேலையின்மை 21.3 சதவீதம் என அரச புள்ளிவிபரம் கூறிற்று. ஆகஸ்ட் மாதத்தில் அப்புள்ளிவிபரத்தை வெளியிடுவதே நிறுத்தப்பட்டது. மாணவரை நீக்கிய புதிய கணிப்பு முறையோடு அது மீண்டும் வெளிவர 2024 சனவரி ஆயிற்று. இலட்சக்கணக்கான மாணவரின் புள்ளிகளை ஆண்டுதோறும் அட்டவணையிடும் ஓர் அரசு, தன்னுடைய புள்ளி குறைந்தபோது அறிக்கையை மேசை இழுப்பறையுள் வைத்துப் பூட்டிக்கொண்டது.

தகைமையாட்சிக் கோட்பாட்டின் அடிப்படைப் பிழை இவ்விடத்திலேதான் உள்ளது என்பது எமது கருத்து. கீழேயிருந்து மேலே செல்லும் படிக்கட்டு முழுவதிலும் பரீட்சகர் உளர். கடைநிலை உத்தியோகத்தனை அதிகாரி மதிப்பிடுகின்றான்; அதிகாரியை மேலதிகாரி மதிப்பிடுகின்றான். உச்சிப்படிக்கு வந்ததும் மதிப்பிடுவோர் மறைந்துவிடுகின்றனர். வினாத்தாளை ஆக்கியவரே விடையை எழுதித் தாமே புள்ளியிட்டுக்கொள்ளும் பரீட்சையை ஒரு கிராமப் பாடசாலையும் ஏற்காது. ஒரு பெருநாட்டுக்கு அதுவே உயர்ந்த முறை என்கின்றனர். இது வெறும் தருக்கமன்று. கூட்டுத் தலைமையும் பத்தாண்டுக்கொருமுறை தலைமை மாற்றமும் அம்முறையின் காப்பாகக் காட்டப்பட்டன. 2018 மார்ச்சில், நாட்டுத் தலைவரின் பதவிக்கால வரம்பை நீக்கும் திருத்தத்துக்குத் தேசிய மக்கள் காங்கிரசில் 2,958 வாக்குகள் ஆதரவாகவும் 2 வாக்குகள் எதிராகவும் அளிக்கப்பட்டன. அந்த இருவர் யார் என்பதை நாடு அறியவில்லை. 2022 இல் அமைந்த 24 பேர் கொண்ட அரசியற் குழுவில் ஒரு பெண்ணும் இல்லை. நூற்றுநாற்பது கோடி மக்களுள் தகைமை உடையோரைத் தேடியபோது பெண்குலத்தில் ஒருவரேனும் கிடைக்கவில்லை என்று நம்புமாறு எம்மைக் கேட்பது சிறிது மிகையன்றோ?

சியாங் சிங் என்பவரின் திட்டத்தைப் பற்றி நீண்டு எழுத வேண்டியதில்லை. குய்சௌ மாகாணத்தில் ஒரு கொன்பூசியக் கல்விக்கழகத்தை நிறுவிய இவர், மூன்று சபைகள் கொண்ட பாராளுமன்றத்தைக் கேட்கின்றார். மூலநூற் பயிற்சியிற் சோதிக்கப்பட்ட அறிஞர் ஒரு சபை, மக்கள் தெரிவுசெய்த பிரதிநிதிகள் ஒரு சபை, கொன்பூசியஸின் நேர்வாரிசு தலைமைதாங்க, பெரியோர் வழித்தோன்றல்கள் அமரும் சபை ஒன்று. பிறப்பைத் தள்ளிக் கல்வியை ஏற்றிய ஆசானின் பெயரால் பிறப்புரிமைச் சபை ஒன்று கேட்கப்படுகின்றது. ஆசான் இதனைக் கேட்டாற் சிரித்திருப்பார்.

இனி, எம்மை நேரே தொடும் ஒரு வாதத்துக்கு வருகின்றோம். சிங்கப்பூரின் லீ குவான் யூ 1994 இல் அமெரிக்க வெளிநாட்டரசியற் சஞ்சிகை ஒன்றுக்கு அளித்த நேர்காணலில், ஆசியப் பண்பாட்டுக்கு மேனாட்டுச் சனநாயகம் பொருந்தாது என்ற கருத்தை விரித்துரைத்தார். குடும்பமுடைய நாற்பது வயதுக்கு மேற்பட்ட ஆணுக்கு இரண்டு வாக்குகள் கொடுத்தால் ஆட்சி நன்றாக நடக்கும் என்ற யோசனையும் அதிலே வந்தது. அதற்கு முன்னரே, 1984 தொடக்கம், சிங்கப்பூர் இடைநிலைப் பாடசாலைகளிற் கட்டாயமாக்கப்பட்ட சமய அறிவுப் பாடத்தின் ஒரு தெரிவாகக் கொன்பூசிய ஒழுக்கவியல் கற்பிக்கப்பட்டது. மாணவர் பௌத்தத்தையும் விவிலியத்தையுமே அதிகம் நாடினர். 1989 இல் அக்கட்டாயப் பாடத்தையே கைவிட அரசு தீர்மானித்தது. பண்பாடு என்பது பாடவிதானக் குழு விதித்தவுடன் முளைப்பதன்று.

அதே லீ, 2000 ஆம் ஆண்டு வெளிவந்த தமது நினைவு நூலில் இலங்கையை எடுத்துக்காட்டாகக் கொள்கின்றார். நல்ல பல்கலைக்கழகமும் பயிற்றப்பட்ட நிருவாகிகளும் கொண்டிருந்த நாடு, ஆளுக்கொரு வாக்கு என்ற முறையால் பெரும்பான்மை இனம் சிறுபான்மையை எந்நாளும் தோற்கடிக்கும் நிலைக்கு வந்து சீரழிந்தது என்பது அவர் வாதம். 1956 இன் மொழிச்சட்டத்தை அறிந்த எந்தத் தமிழருக்கும் இச்சொற்கள் இனிக்கும். 'வாக்கு எமக்கு என்ன செய்தது? அறிஞர் ஆண்டிருந்தால் இவ்வளவும் நேர்ந்திராது' என்று எமது படித்த மத்தியதர வர்க்கத்தார் கூறக் கேட்டிருக்கின்றோம். ஆனால் வரலாற்றைச் சிறிது பின்னே நகர்த்திப் பார்த்தல் வேண்டும். 1931 முதல் சர்வசன வாக்குரிமையைப் பெற்றிருந்த இந்நாட்டில், சுதந்திரத்தின் பின் விழுந்த முதலடி வாக்கு மிகுந்ததால் விழுந்ததன்று. 1948 இன் பிரசாவுரிமைச் சட்டமும் 1949 இன் தேர்தற் திருத்தச் சட்டமும் மலையகத் தோட்டத் தொழிலாளரிற் பெரும்பாலோரின் வாக்கைப் பறித்தன. 1947 இல் தம் பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய அவ்வுழைப்பாளர் 1952 இல் ஒருவரையேனும் அனுப்ப இயலாதவராயினர். லீ கண்டு அஞ்சிய பெரும்பான்மை இயற்கையில் விளைந்ததன்று. இலட்சக்கணக்கான ஏழைகளைப் பட்டியலினின்றும் வெட்டியதால் அது மேலும் பருத்தது. அதனைச் செய்தோர் படிப்பறிவற்ற கூட்டத்தினருமல்லர். மேனாட்டுப் பல்கலைக்கழகங்களிற் கற்றுத்தேர்ந்த கனவான்களும் அவர்களுள் இருந்தனர். சிறுபான்மையோருக்கு வேண்டியது உரிமைக் காப்பும் அதிகாரப் பகிர்வும். தகுதியுடையோரின் ஆட்சியைக் கேட்போர், தம் தகுதியை நிர்ணயிக்கும் உரிமையையும் அதே பெரும்பான்மையின் அதிகாரிகளிடம் ஒப்படைக்க நேரும் என்பதை மறந்துவிடுகின்றனர்.

லீயின் நேர்காணலுக்கு அதே ஆண்டில், அதே சஞ்சிகையில் மறுமொழி எழுதியவர் தென்கொரியாவின் கிம் டே-யுங். 1973 இல் டோக்கியோவிலிருந்து கடத்தப்பட்டவர். 1980 இல் இராணுவ ஆட்சியால் மரணதண்டனை விதிக்கப்பட்டவர். பின்னர் 1998 இற் சனாதிபதியானவர். கொடுங்கோலனை நீக்கும் மக்களுரிமை மென்சியஸிடம் இருந்தது என்பதை எடுத்துக்காட்டி, ஆசியாவின் தடை பண்பாடன்று, ஆட்சியாளரின் பிடிவாதமே என்று அவர் நிறுவினார். கொன்பூசியக் கல்வி ஊறிய அந்நாட்டில், 2024 டிசெம்பர் 3 ஆம் நாளிரவு சனாதிபதி யூன் சுக்-யொல் இராணுவச் சட்டத்தைப் பிரகடனம் செய்தபோது, பொதுமக்கள் பாராளுமன்ற வாயிலுக்கு ஓடிவந்தனர்; உறுப்பினர் மதிலேறி உள்ளே சென்று அதனை நிராகரித்தனர்; சில மணித்தியாலங்களில் அது மீளப்பெறப்பட்டது. 2025 ஏப்ரல் 4 இல் அரசியலமைப்பு நீதிமன்றம் யூனைப் பதவிநீக்கியது. அவர் உயர்ந்த பல்கலைக்கழகத்திற் சட்டம் பயின்று, கடினமான சட்டப் பரீட்சையிற் சித்தியெய்தி, நாட்டின் தலைமை வழக்குத்தொடுநராக உயர்ந்தவர். தகைமைக்கு ஒரு குறையும் இல்லை!

இம்மரபினின்றும் பயனுள்ள எதுவும் பெறமுடியாது என்று நாம் கூறவில்லை. சுன் யாட்-சென் மேனாட்டின் மூன்று அதிகாரப் பிரிவுகளோடு பரீட்சை, கண்காணிப்பு என்னும் இரண்டு சீன அமைப்புகளையும் சேர்த்தார்; அவை தாய்வானில் இன்றும் தேர்தலோடு ஒருங்கே இயங்குகின்றன. யோசப் சான் என்னும் கொங்கொங் அறிஞர், தெரிவுசெய்யப்பட்ட சபைக்குத் துணையாக, பொதுச்சேவையிற் பழுத்தோரை அவர்தம் சகபாடிகள் தெரிந்தனுப்பும் இரண்டாஞ்சபை ஒன்றினைப் பரிந்துரைக்கின்றார். இவை வாதிக்கத்தக்கவை. கற்றோரின் ஆலோசனை வேறு. கற்றோரின் தனியாட்சி வேறு.

இடதுசாரிகளாகிய நாம் இவ்விடத்து எமது வீட்டையும் பெருக்கிக்கொள்ள வேண்டியுள்ளது. 1973–74 இற் சீனத்தில் நடந்த கொன்பூசிய எதிர்ப்பு இயக்கம், நூல்களை எரித்த சின் பேரரசனைப் போற்றுமளவுக்குச் சென்றது. அரசியற் பகைவரைத் தாக்க இறந்த ஆசானொருவரைக் கருவியாக்கிய அந்நிகழ்ச்சி, விமரிசனம் என்னும் பெயருக்கு உரியதன்று. அதே கட்சி, 2011 சனவரியில் தியனன்மென் சதுக்கத்தின் அருகே 9.5 மீற்றர் உயரமான கொன்பூசியஸ் வெண்கலச் சிலையை நிறுத்திற்று. ஏப்ரலில் ஒரு விளக்கமுமின்றி அதனை அரும்பொருட்சாலையின் உள்முற்றத்துக்கு அகற்றிற்று. யுவான் ஷிக்காய், சியாங் கைஷெக் முதலாக அதிகாரத்தில் இருந்தோர் அவரை எடுத்தும் வைத்தும் வந்த கதையின் தொடர்ச்சி இது. லூ சுன் 1935 இல் எழுதிய கட்டுரையொன்றில் இதனையே எள்ளிநகையாடினார்.

இதனினும் ஆழமான செய்தி ஒன்று உண்டு. லியூ ஷாவோசி 1939 இல் யெனானில் ஆற்றிய உரைகள், நல்ல கம்யூனிஸ்டாவது எப்படி என்பதைப் பற்றியவை. கொன்பூசியஸும் மென்சியஸும் கூறிய தன்னொழுக்கப் பயிற்சியை அவர் புரட்சியாளனுக்கு உரியதாக்கினார். தன்னைத் தானே திருத்திக்கொண்ட சிறந்தோரின் கட்சி, மக்களை வழிநடத்தும் என்பது அவர் நம்பிக்கை. அதுவும் ஒருவகைச் சான்றோராட்சியே. நாட்டுத் தலைவராயிருந்த அவர் 1968 ஒக்டோபரிற் கட்சியினின்றும் வெளியேற்றப்பட்டு, 1969 நவம்பரிற் கைபெங் நகரிற் சிகிச்சையும் நீதியுமின்றிக் காவலில் மாண்டார். 1980 இற் குற்றமற்றவர் எனப்பட்டார். ஒழுக்கம் மிக்கோர் என்று தம்மைத் தாமே தெரிந்துகொண்டோர் நடுவே, அவர் தரப்பைக் கேட்க ஒரு மன்றம் இருக்கவில்லை. முதலாளித்துவச் சனநாயகத்தின் போதாமையைப் பேசும் உரிமை எமக்கு உண்டு. அப்போதாமைக்கு விடை, வாக்குரிமையைத் தொழிற்சாலைக்கும் நிலத்துக்கும் கொண்டுசெல்வது. உள்ள வாக்கையும் உயர்ந்தோரிடம் ஒப்படைப்பதன்று.

பண்டைச் சீனத்திலேயே இதனை உணர்ந்தோர் இருந்தனர். 1126 இல், படையெடுப்பின் நடுவே, பதவி நீக்கப்பட்ட அமைச்சர் லீ காங்கை மீள அழைக்குமாறு தலைநகரின் உயர்கல்விக்கூட மாணவர் சென் டோங்கின் தலைமையில் அரண்மனை வாயிலில் திரண்டனர். நகரமக்கள் பல்லாயிரவர் அவரோடு சேர்ந்தனர். கோரிக்கை வென்றது. அடுத்த ஆண்டிற் சென் டோங் கொல்லப்பட்டார். அவர் ஏந்திய நூல்கள், பரீட்சைக்குப் படித்த அதே நூல்களே.

இவ்வனுபவங்களை ஓர் அமைப்பாக வடிக்க முயன்றவர் ஹுவாங் சொங்சி. மிங் அரசவையின் ஊழலை எதிர்த்த அவர் தந்தை 1626 இற் சிறையில் மடிந்தார். 1663 இல் மகன் எழுதிய நூல், அரசர்கள் நாட்டைத் தம் குடும்பச் சொத்தாக்கிக்கொண்டனர் என்று நேரடியாகக் குற்றஞ்சாட்டுகின்றது. எமக்கு அதிலே முக்கியமானது பாடசாலைகள் பற்றிய இயல். நல்லது எது, தீயது எது என்று தீர்ப்பது அரசவையன்று, பாடசாலை என்கின்றார் அவர். ஊர்ப் பாடசாலையின் ஆசிரியரை மேலிடம் நியமிக்கக்கூடாது, ஊரார் தெரிவர். மாதத்தில் இருமுறை மாவட்ட அதிகாரி அங்கு வந்து மாணவனாக அமர வேண்டும். அவர் சிறுபிழை செய்தாற் திருத்துவர், பெரும்பிழை செய்தாற் பறையறைந்து ஊரறியச் செய்வர். மாதத்தின் முதல்நாளில் தலைநகரின் உயர்கல்விக்கூடத்துக்குப் பேரரசர் அமைச்சரோடு வருவார். தெற்கு நோக்கி அமர்தல் அரசர்க்கே உரிய இருக்கை. அன்று அங்கு அமர்பவர் கல்விக்கூடத் தலைவர். பேரரசர் மாணவர் வரிசையில் இருந்து கேட்பார்.

அந்தப் பாடசாலையில் உழவனுக்கு இடமிருந்ததா என்று கேட்டால், இல்லை. ஹுவாங்கும் தம் வர்க்கத்தின் எல்லையைத் தாண்டவில்லை. ஆனால் உச்சியில் இருப்பவனின் விடைத்தாளையும் யாரோ ஒருவர் பகிரங்கமாகத் திருத்த வேண்டும் என்பதைக் கொன்பூசிய நூல்களிலிருந்தே அவர் கண்டெடுத்தார். அந்நூல் நெடுங்காலம் வெளிச்சம் காணாது கிடந்தது. 1890 களில் லியாங் சிச்சாவோவும் தான் சீதொங்கும் அதன் சுருக்கத்தை மறைவாக அச்சிட்டு இளைஞரிடையே பரப்பினர். தான் சீதொங் 1898 செப்டெம்பரில், 33 ஆம் வயதில், பெய்ஜிங்கில் தலை துண்டிக்கப்பட்டார். அதற்கு ஏழாண்டுகளின் பின்னரே பழைய பரீட்சை ஒழிக்கப்பட்டது.